திருப்பத்தில் நின்ற வண்டிகள்: சேனல் மாறும் ரோமிங் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இடம் ஒரு பெரிய சரக்குக் கிடங்கு. உயரமான இரும்பு அடுக்குகள், அவற்றுக்கு நடுவே நீண்ட சந்துகள், சந்துகளில் ஆளில்லாமல் ஓடும் தானியங்கி வண்டிகள். ஒவ்வொரு வண்டியிலும் லினக்ஸ் ஓடும் சிறு கணினி ஒன்றும், ஒரே ஒரு வைஃபை ரேடியோவும் உண்டு. கட்டுப்பாட்டு சர்வர் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன், நீ போகலாம்' என்ற அர்த்தத்தில் ஒரு சிறு செய்தி அனுப்பும். 500 மில்லிவிநாடி வரை அந்தச் செய்தி வராவிட்டால் வண்டி தானாகப் பிரேக் பிடித்து நின்றுவிடும். நின்ற வண்டியை ஆள் போய்ப் பொத்தானை அழுத்தித்தான் கிளப்ப வேண்டும். மனிதர்கள் நடமாடும் இடம் என்பதால் வைத்த பாதுகாப்பு அது. 'அந்த 500-ஐ 5000 ஆக்கிவிடலாமே' என்ற யோசனை ஆரம்பத்திலேயே எழுந்தது. பாதுகாப்புப் பொறுப்பாளர் மறுத்துவிட்டார். சரியாகத்தான் மறுத்தார்.

வண்டிகள் நின்றுகொண்டே இருந்தன. எங்கே வேண்டுமானாலும் நிற்கவில்லை. பெரும்பாலும் சந்தின் முனையில், அடுத்த சந்துக்குத் திரும்பும் இடத்தில். வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த இடங்கள் மனப்பாடம். கையில் வேலை இல்லாத நேரத்தில் அங்கேயே போய் நின்றுகொள்வார்களாம், எப்படியும் ஒரு வண்டி வந்து நிற்கும் என்று.

புகாரில் எழுதியிருந்தது 'வைஃபை வீக்' என்று. அளந்து பார்த்தால் வீக் இல்லை. வண்டி ஓடும் பாதை முழுவதும் ஏதாவது ஒரு ஆக்சஸ் பாயின்ட்டின் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி, சுருக்கமாக ஏபி) சிக்னல் -65 டிபிஎம்முக்கு மேலேயே கிடைத்தது. டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும். குரல் அழைப்புக்கே -67 இருந்தால் போதும் என்று வைத்துத்தான் இந்தத் துறையில் வரைபடம் போடுவார்கள். அதாவது எந்த இடத்திலும் 'ஏதாவது ஒரு' ஏபியின் சிக்னல் நன்றாகவே இருந்தது. வண்டி அந்த ஏபியோடுதான் பேசிக்கொண்டிருந்ததா என்பது வேறு கேள்வி. சிக்கல் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தது.

இதற்கு முன்பே இரண்டு வைத்தியம் நடந்திருந்தது. முதலில் எல்லா ஏபிகளின் பவரையும் உச்சத்துக்கு ஏற்றினார்கள், நிற்பது கூடியது. அப்புறம் 802.11ஆர் என்ற வேக ரோமிங் வசதியை இயக்கினார்கள். ரோமிங் என்பது கருவி ஓர் ஏபியை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது. நிற்பது குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. இந்த இரண்டும் ஏன் அப்படி நடந்தன என்று புரிந்துகொண்டால் மிச்சம் எல்லாம் புரிந்துவிடும்.

ரோமிங்கை முடிவு செய்வது யார்?

செல்போன் வலையில் போன் எந்தக் கோபுரத்துக்கு மாற வேண்டும் என்பதை வலையே சொல்லும். வைஃபையில் அப்படி இல்லை. எப்போது விட வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்று முடிவு செய்வது கருவிதான். ஏபி ஆலோசனை சொல்லலாம், அடம்பிடிக்கும் கருவியைத் துண்டிக்கலாம். அதற்கு மேல் அதற்கு அதிகாரம் இல்லை. ஒவ்வொரு தயாரிப்பும் தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது. ஐபோனுக்கான விதியை ஆப்பிளே வெளியிட்டிருக்கிறது: இப்போதைய சிக்னல் -70 டிபிஎம்முக்குக் கீழே போனால்தான் அது வேறு ஏபி தேடும், தரவு ஓடிக்கொண்டிருந்தால் 8 டெசிபல், சும்மா இருந்தால் 12 டெசிபல் கூடுதலாக இருக்கும் ஏபிக்குத்தான் மாறும்.

நம் வண்டியின் விதி என்ன? அதில் இருந்தது டபிள்யூபிஏ-சப்ளிகன்ட் என்ற வழக்கமான லினக்ஸ் மென்பொருள். அதில் பின்னணி ஸ்கேன் என்று ஓர் அமைப்பு உண்டு. அதை எழுதி வைக்காவிட்டால், இணைப்பு உயிரோடு இருக்கும்வரை அது தானாக வேறு ஏபியைத் தேடாது. இந்த வண்டிகளில் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆக வண்டியின் விதி இதுதான்: பழைய ஏபி அடியோடு கேட்காமல் போகும்வரை பிடித்துக்கொள், போன பிறகு தேடு.

பவரை ஏற்றியதும் நிலைமை மோசமானது இதனால்தான். பவரை ஏற்றினால் பழைய ஏபியின் குரல் இன்னும் தூரம் வரை கேட்கும், வண்டி இன்னும் நேரம் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் வண்டியின் சிறு ரேடியோ பதிலுக்கு அவ்வளவு சத்தமாகப் பேச முடியாது. ஏபி 23 டிபிஎம்மில் பேசுகிறது, வண்டி 15-இல் பேசுகிறது என்று வையுங்கள். வண்டிக்கு -68-இல் கேட்கும் ஏபிக்கு, வண்டி -76-இல்தான் கேட்கும். வண்டியின் திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும், அது அனுப்பும் பாக்கெட்டுகள் மட்டும் போய்ச் சேராது. புகாரில் 'சிக்னல் ஃபுல்லா காட்டுது, ஆனா நிக்குது' என்று ஒருவர் எழுதியிருந்த வரி, இந்த நிலைமையின் மிகச் சரியான விவரிப்பு.

காற்றைப் பிடித்துப் பார்ப்பது

ரோமிங் கோளாறை லாக் மட்டும் பார்த்துத் தீர்க்க முடியாது. ஏபிகளை நிர்வகிக்கும் கண்ட்ரோலரின் லாக் தன் பக்கத்து உண்மையைச் சொல்லும், வண்டி லாக் அதன் பக்கத்து உண்மையைச் சொல்லும், நடுவில் காற்றில் என்ன நடந்தது என்று இரண்டுக்குமே தெரியாது. காற்றைப் பிடிப்பதிலும் ஒரு சிரமம் உண்டு: ஒரு வைஃபை அடாப்டர் ஒரு நேரத்தில் ஒரு சேனலை, அதாவது ஓர் அலைவரிசையைத்தான் கேட்கும். வண்டியோ சேனல் விட்டுச் சேனல் தாவுகிறது. அடாப்டரையும் தாவ விட்டால் நமக்கு வேண்டிய கணத்தில் அது வேறு எங்கோ இருக்கும்.

அதனால் யுஎஸ்பி அடாப்டர்கள் பலவற்றை ஒரே மடிக்கணினியில் செருகி, ஒவ்வொன்றையும் ஒரு சேனலில் நிறுத்தி வைத்தோம். திருப்பத்தின் இரு பக்கத்து ஏபிகளின் சேனல்கள் கட்டாயம். மிச்ச அடாப்டர்களை இடையிலுள்ள சேனல்களுக்கு. ஒரே கணினி என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே கடிகாரம், பதிவுகளைச் சேர்க்கும்போது நேரம் பிசகாது. வண்டியின் மென்பொருளில் விரிவான லாக்கை இயக்கி, அதன் கடிகாரத்தையும் அதே நேர சர்வரோடு பொருத்தியாயிற்று. கொஞ்சம் பொறுமை கேட்கும் ஏற்பாடுதான். ஆனால் இதைச் செய்யாமல் ரோமிங் பற்றிச் சொல்லப்படும் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

வண்டியைத் திருப்பத்துக்கு அனுப்பினோம். சேனல் 36-இல் பேசிக்கொண்டு வந்த வண்டியின் பாக்கெட்டுகள் முதலில் மெதுவாகின. ஒரே பாக்கெட் இரண்டு முறை, நான்கு முறை, ஏழு முறை மறுபடி அனுப்பப்பட்டது. ஒவ்வொரு முறையும் வேகம் ஒரு படி இறங்கியது. அப்புறம் சேனல் 36-இல் அமைதி. சில கணங்களில் சேனல் 40-இல் வண்டியின் 'யாராவது இருக்கிறீர்களா' என்ற கேள்விப் பாக்கெட், அதாவது புரோப். பிறகு 44, பிறகு 48. ஒவ்வொன்றுக்கும் சுமார் 60 மில்லிவிநாடி. அதற்கப்புறம் எந்த அடாப்டரிலும் வண்டியின் குரலே இல்லை. ஒன்றே முக்கால் விநாடி. கடைசியில் 149-இல் மறுபடி புரோப், 153, 157 என்று போய், 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல்களையும் ஒரு சுற்று சுற்றி முடித்து, அதன் பிறகுதான் புதிய ஏபியின் சேனலுக்கு வந்து வணக்கம் சொன்னது.

அந்த ஒன்றே முக்கால் விநாடி என்னவென்று கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

பேசக் கூடாத சேனல்கள்

5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 64 வரை, 100 முதல் 144 வரை உள்ள சேனல்களில் ரேடார்களும் இயங்குகின்றன. பல நாடுகளில் இந்தச் சேனல்களைப் பயன்படுத்தும் ஏபி, ரேடார் இருக்கிறதா என்று முதலில் 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். இயங்கும்போது ரேடார் தென்பட்டால் சேனலைக் காலி செய்ய வேண்டும். டிஎஃப்எஸ் என்று சொல்வது இதைத்தான். கருவிக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தச் சேனலில் ஏற்கெனவே ஓர் ஏபி பேசிக்கொண்டிருப்பதைக் கேட்காமல் கருவி வாய் திறக்கக் கூடாது. புரோப் அனுப்ப முடியாது. ஏபியின் பீக்கனுக்காக, அதாவது 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அது அவ்வப்போது அனுப்பும் அறிவிப்புக்காக, காத்திருக்க மட்டுமே முடியும்.

பீக்கன் வழக்கமாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வரும். அதைத் தவறவிடாமல் இருக்க வேண்டுமென்றால் ஒரு சேனலில் குறைந்தது அவ்வளவு நேரம் உட்கார வேண்டும். லினக்ஸ் சுமார் 110 மில்லிவிநாடி உட்காருகிறது. 52-64-இல் 4 சேனல், 100-144-இல் 12 சேனல், ஆக 16. பதினாறு நூற்றுப் பத்து 1760 மில்லிவிநாடி. நாங்கள் பார்த்த அமைதி அப்படியே இதுதான். இதோடு கேள்வி கேட்டுத் தேடும் 9 சேனல்களுக்கு 540, 2.4 கிகாஹெர்ட்ஸின் 13 சேனல்களுக்கு 780. மொத்தம் மூன்று விநாடிக்கு மேல். வண்டிக்கு இருக்கும் பொறுமையோ அரை விநாடி.

வண்டி போக வேண்டிய ஏபி சில மீட்டர் தூரத்தில், நல்ல சிக்னலோடு நின்றுகொண்டிருந்தது. அது எந்தச் சேனலில் இருக்கிறது என்பது மட்டும்தான் வண்டிக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்துகொள்ள மூன்று விநாடி.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 2003-இலேயே மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷ்ரா, ஷின், ஆர்பா மூவரும் ரோமிங் தாமதத்தைப் பகுதி பகுதியாக அளந்து, அதில் 90 சதவீதத்துக்கு மேல் தேடுவதிலேயே போகிறது என்று காட்டினார்கள். அன்று ஆராயப்பட்டது 2.4 கிகாஹெர்ட்ஸின் சேனல்களில் மட்டும்தான். அதற்குப் பின் சேனல்கள் பெருகின. 6 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 59 சேனல்கள். ஒவ்வொன்றாகத் தேடுவது நடக்காத காரியம் என்பதால்தான், அங்கே தேடுவதற்கென்று 15 சேனல்களை மட்டும் ஒதுக்கி, மற்றப் பட்டைகளின் பீக்கனிலேயே 'என் 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இந்தச் சேனலில் இருக்கிறது' என்று எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். தேடுவதைக் குறைப்பதுதான் அங்கேயும் நோக்கம்.

802.11ஆர் என்ன செய்தது, என்ன செய்யவில்லை

2008-இல் வந்த இந்தத் திருத்தத்தின் பெயரைப் பார்த்து, ரோமிங் முழுவதையும் இது வேகமாக்கும் என்று நினைக்கத் தோன்றும். இது வேகமாக்குவது கடைசிப் பகுதியை மட்டும்.

வண்டிகள் சான்றிதழ் காட்டி உள்ளே வரும் முறையில் அமைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு புதிய ஏபியிலும் சான்றிதழைக் காட்டி, ரேடியஸ் சர்வர் சரிபார்த்து, அதன் பிறகு நான்கு பாக்கெட் கைகுலுக்கலில் சாவி உருவாகும். சான்றிதழ் ஒரு பாக்கெட்டில் அடங்காது, துண்டு துண்டாகப் போகும். ரேடியஸ் சர்வர் வேறு கட்டடத்தில். நாங்கள் பார்த்த பதிவில் இது மட்டும் அரை விநாடி எடுத்தது.

802.11ஆர் இந்த அரை விநாடியை விழுங்கிவிடுகிறது. முதல் முறை உள்ளே வரும்போது உருவாகும் தாய்ச் சாவியிலிருந்து ஒவ்வொரு ஏபிக்கும் தனித்தனிச் சாவி பிறக்கிறது. கண்ட்ரோலர் அதை முன்கூட்டியே ஏபிகளுக்குக் கொடுத்து வைக்கலாம். வண்டி புதிய ஏபிக்குப் போகும்போது நான்கே பாக்கெட்: சரிபார்ப்புக் கேள்வி, பதில், மறு இணைப்புக் கேள்வி, பதில். கைகுலுக்கல் அந்த நான்குக்குள்ளேயே அடங்கிவிடும். எங்கள் பதிவில் இது 15 மில்லிவிநாடியில் முடிந்தது. அழகான வேலை, சந்தேகமே இல்லை.

ஆனால் மூன்றரை விநாடியிலிருந்து அரை விநாடி போனால் மூன்று விநாடி மிச்சம். வண்டி நிற்கத்தான் செய்யும். 'குறைந்த மாதிரியும் இருந்தது' என்றார்களே, அது பக்கத்து ஏபி 40, 44 போன்ற முதல் சேனல்களில் இருந்த இடங்களில் என்று முதலில் தோன்றியது. அதுவும் இல்லை, இந்த மென்பொருள் முழுச் சுற்றும் முடித்த பிறகுதான் ஏபியைத் தேர்ந்தெடுக்கிறது. குறைந்த நாட்களில் கிடங்கில் வண்டிகளே குறைவாக ஓடின. அவ்வளவுதான்.

இந்த வசதியை இயக்கும்போது கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஏபிகள் எல்லாம் ஒரே மொபிலிட்டி டொமைன் எண்ணில், அதாவது வேக ரோமிங் செய்யக்கூடிய ஒரே குழுவின் எண்ணில், இருக்க வேண்டும். இந்தக் கிடங்கில் பின்னால் சேர்த்த சில ஏபிகள் வேறு அமைப்புக் குழுவில் இருந்ததால் அந்த எண் வேறாக இருந்தது. அவற்றுக்குப் போகும் வண்டி பழையபடி சான்றிதழிலிருந்து தொடங்கியது. இரண்டாவது, பழைய கையடக்க ஸ்கேனர்கள் சில இந்த வசதி இயங்கும் வைஃபை பெயரில் இணையவே மறுக்கும். அதனால் வண்டிகளுக்குத் தனிப் பெயர் கொடுத்தோம். மூன்றாவது பாதுகாப்பு. 2017-இல் வெளியான, வைஃபை சாவிக் கைகுலுக்கலின் ஓட்டையைப் பயன்படுத்தும் கிராக் தாக்குதல்களில் ஒன்று, ஏபி பக்கத்தில், குறிப்பாக இந்த வேக ரோமிங்கின் மறு இணைப்புப் பாக்கெட்டைக் குறிவைத்தது. ஏபி மென்பொருள் அதற்குப் பிந்தையதா என்று பார்க்காமல் இதை இயக்கக் கூடாது.

செய்த மாற்றங்கள்

தேடும் இடத்தைச் சுருக்குவது முதல் வேலை. வண்டிகளின் வைஃபை பெயரை ரேடார் சேனல்களிலிருந்து முழுவதுமாக எடுத்தோம். 36, 40, 44, 48, 149, 153, 157, 161 என்று எட்டே சேனல். தானியங்கிச் சேனல் மாற்றத்தை நிறுத்தினோம். ஒவ்வொரு சேனலின் அகலம் 80 மெகாஹெர்ட்ஸாக இருந்தது, 20-க்கு இறக்கினோம். இதற்குத்தான் கொஞ்சம் எதிர்ப்பு வந்தது. 'வேகம் போய்விடுமே' என்றார்கள். வண்டிக்குத் தேவை வேகமான வலை இல்லை, நிற்காத வலை. அது அனுப்புவதும் வாங்குவதும் சின்னச் சின்னச் செய்திகள். அகலம் 80 என்று வைத்தால் இந்த எட்டும் இரண்டே சேனலாகச் சுருங்கி, எல்லா ஏபியும் ஒன்றன்மேல் ஒன்று பேசும்.

வண்டியின் அமைப்பிலும் அதே எட்டுச் சேனலின் பட்டியலை எழுதினோம். தேடினால் அங்கே மட்டும் தேடு. முழுச் சுற்று மூன்று விநாடியிலிருந்து அரை விநாடிக்குள் வந்துவிட்டது.

அரை விநாடியும் வண்டிக்கு அதிகம்தான். ஆகவே இரண்டாவது வேலை: இணைப்பு அறுந்த பிறகு தேடாமல், இருக்கும்போதே தேடுவது. பின்னணி ஸ்கேனை இயக்கி, சிக்னல் -62-க்குக் கீழே இறங்கினால் 2 விநாடிக்கு ஒருமுறை, மற்ற நேரத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்தோம். பின்னணி ஸ்கேன் நடக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. வண்டி தன் ஏபியிடம் 'நான் தூங்கப் போகிறேன்' என்று ஒரு வெற்றுப் பாக்கெட் அனுப்புகிறது. உண்மையில் தூங்கவில்லை, பக்கத்துச் சேனலுக்குப் போய் 60 மில்லிவிநாடி பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது. அதற்குள் வந்த பாக்கெட்டுகளை ஏபி எடுத்து வைத்திருந்து கொடுத்துவிடும். மறுபடி இன்னொரு சேனல். செய்தி 100 மில்லிவிநாடிக்கு ஒன்று என்பதால் 60 போனது யாருக்கும் தெரியாது. ரேடார் சேனல்கள் பட்டியலில் இருந்திருந்தால் ஒவ்வொரு எட்டிப்பார்ப்பும் 110 ஆகியிருக்கும், பதினாறு முறை.

இப்படிப் பார்த்து வைத்திருந்தால், மாற வேண்டிய கணத்தில் தேட வேண்டியதே இல்லை. சேனலைத் திருப்பி, நான்கு பாக்கெட் பேசி, வேலையைத் தொடரலாம். சேனல் 36-இல் கடைசிப் பாக்கெட்டுக்கும் 149-இல் முதல் பாக்கெட்டுக்கும் நடுவே பெரும்பாலும் 30 முதல் 40 மில்லிவிநாடிதான் இருந்தது. முன்பு மூன்று விநாடி அமைதி காட்டிய அதே திருப்பம்.

பவரையும் இறக்கினோம், வண்டியின் பவருக்கு ஏறக்குறைய சமமாக. இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்டால்தான் வண்டி பார்க்கும் சிக்னல் எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

802.11கே பற்றிக் கேட்பீர்கள். ஏபியே தன் அக்கம்பக்கத்து ஏபிகளையும் அவற்றின் சேனல்களையும் பட்டியலாகக் கருவிக்குத் தரும் முறை அது. 802.11வி இன்னும் ஒரு படி போய், 'நீ அந்த ஏபிக்குப் போவது நல்லது' என்று சொல்லும். சேனல்கள் அதிகமாக, அடிக்கடி மாறும் இடத்தில் இவைதான் சரியான வழி. இங்கே கையால் எழுதிய பட்டியலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றே: வண்டியின் நடத்தை இரண்டு பக்கத்து மென்பொருள்களின் ஒத்துழைப்பைச் சார்ந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். இன்னொருவர் வேறு விதமாக முடிவெடுத்திருக்கலாம்.

802.11ஆரிலும் ஒரு தேர்வு இருந்தது. நான்கில் முதல் இரண்டு பாக்கெட்டைப் பழைய ஏபி வழியாக வயரில் அனுப்பலாம், அல்லது நேரே புதிய ஏபியின் சேனலுக்குப் போய்க் காற்றில் பேசலாம். வயர் வழிக்குப் பழைய ஏபி உயிரோடு கேட்க வேண்டும். மூலை திரும்பியதும் பழைய ஏபி காணாமல் போகும் இடத்தில் அதை நம்ப முடியாது. காற்று வழியையே வைத்தோம்.

மிச்சமிருந்த ஒரு மூலை

மற்ற இடங்களில் நிற்பது ஓய்ந்தது. ஒரே ஒரு மூலையில் மட்டும் வண்டிகள் எப்போதாவது நின்றன. பதிவைப் பார்த்தால் குழப்பம். ரேடியோ இடைவெளி 300 மில்லிவிநாடி அளவில் இருந்தது. மற்ற இடங்களை விட அதிகம், ஆனால் 500-க்குள்தான். பிறகு ஏன் நிற்க வேண்டும்?

ரேடியோ இடைவெளி அதிகமானதன் காரணம் எளிது. அந்த மூலையில் முழுக்க உலோகப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். திரும்பிய இரண்டு மூன்று மீட்டருக்குள் சிக்னல் சரிந்துவிடும். 2 விநாடிக்கு ஒருமுறை நடக்கும் ஸ்கேன், சரிவுக்கு முன் ஒருமுறையும் சரிந்த பின் ஒருமுறையும் விழுந்தால், நடுவில் வண்டி செத்த இணைப்போடு போராடிக்கொண்டிருக்கும்.

இனி அந்த மிச்ச 200 மில்லிவிநாடி எங்கே போனது? கண்டுபிடித்தது வைஃபை பதிவில் இல்லை, சர்வர் பக்கத்துப் பதிவில். சர்வர் அந்தச் செய்தியை டிசிபி வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது. டிசிபியில் ஒரு பாக்கெட் போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வராவிட்டால் சர்வர் சற்றுக் காத்திருந்து மறுபடி அனுப்பும். லினக்ஸில் அந்தக் காத்திருப்பு குறைந்தது 200 மில்லிவிநாடி. அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த காத்திருப்பு இரண்டு மடங்கு, 400. ஆகத் தொலைந்த பாக்கெட் மறுபடி அனுப்பப்படுவது 200-இல் ஒருமுறை, 600-இல் ஒருமுறை. ரேடியோ 300-இல் திரும்பி வந்துவிட்டது. ஆனால் 200-இல் அனுப்பியது ஏற்கெனவே தொலைந்துபோயிற்று, அடுத்தது 600-இல்தான். 300-இலிருந்து 600 வரை காற்று சுத்தமாக, இணைப்பு முழுமையாக, யாரும் எதுவும் பேசாமல் கிடந்தது. டிசிபி வரிசை தவறாமல் கொடுக்கும் என்பதால், பழைய செய்தி வந்து சேராதவரை புதியதையும் வண்டியின் மென்பொருள் பார்க்க முடியாது. 500-இல் வண்டி நின்றுவிட்டது.

'நான் இருக்கிறேன்' என்ற செய்திக்குப் பழைய பிரதி எதற்கு? அரை விநாடிக்கு முன் சர்வர் இருந்தது என்று இப்போது தெரிந்து ஒன்றும் ஆகப் போவதில்லை. வண்டி மென்பொருளை எழுதியவர்கள் இதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் செய்தியை மட்டும் வரிசை எண்ணோடு, தொலைந்ததை மறுபடி அனுப்பாத யுடிபி முறைக்கு மாற்றினார்கள். சரக்குக் கட்டளைகள் டிசிபியிலேயே இருந்தன. இப்போது ரேடியோ திரும்பிய 100 மில்லிவிநாடிக்குள் புதிய செய்தி வந்துவிடும், தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டும். மூலையிலும் ஓர் ஏபியை நகர்த்தி, இரண்டு சந்துகளையும் ஒரே நேரத்தில் பார்க்கும்படி சந்திப்புக்கு நேர் மேலே வைத்தோம். சிக்னல் சரிவுக்கு முன்பே வண்டி அதற்கு மாறிவிடுகிறது; திரும்பும்போது ரோமிங்கே நடப்பதில்லை.

சுவிட்சுகளையும் ஒருமுறை சோதித்தோம். வண்டி புதிய ஏபிக்கு வந்ததும், அந்த ஏபி வண்டியின் முகவரியில் ஒரு சிறு பாக்கெட்டை வயரில் விட வேண்டும். அப்போதுதான் சுவிட்சுகள் இனி இந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று கற்றுக்கொள்ளும். இங்கே அது ஒழுங்காக நடந்தது.

ஒப்படைத்தபோது

ஏற்றுக்கொள்ளும் சோதனையில் சராசரி ரோமிங் நேரத்தை எழுதச் சொன்னார்கள். எழுதினோம், ஆனால் கையெழுத்துக்கு அதை அளவுகோலாக வைக்க ஒப்பவில்லை. வண்டி சராசரியால் நிற்பதில்லை, மிக மோசமான ஒரே ஒரு இடைவெளியால் நிற்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு செய்திகளுக்கு நடுவே ஏற்பட்ட மிகப் பெரிய இடைவெளி எவ்வளவு என்பதே அளவுகோலாயிற்று. அதை வண்டியே எண்ணி லாக்கில் எழுதும். 300-ஐத் தாண்டினால் நிற்காவிட்டாலும் எச்சரிக்கை போகும்.

இந்தத் தீர்வின் பலவீனம் வெளிப்படையானது. சேனல் பட்டியல் இரண்டு இடத்தில் இருக்கிறது: கண்ட்ரோலரில் ஒன்று, வண்டிகளில் ஒன்று. யாராவது தானியங்கிச் சேனல் மாற்றத்தை மறுபடி இயக்கினாலோ, புதிய ஏபியைச் சேனல் 100-இல் வைத்தாலோ, அந்த ஏபி வண்டியின் கண்ணுக்கே தெரியாது. அதனால் கண்ட்ரோலரிலிருந்து சேனல்களை எடுத்து வண்டிகளின் பட்டியலோடு தினமும் ஒப்பிடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று ஓடுகிறது. வித்தியாசம் இருந்தால் பணிமுறைப் பொறுப்பாளருக்குச் செய்தி போகும். வண்டிகளின் அடுத்த மென்பொருள் பதிப்பில் 802.11கே பட்டியலை வாங்கும் வசதி வருவதாகச் சொல்கிறார்கள்; வந்ததும் அதே மடிக்கணினியையும் அடாப்டர்களையும் அந்த மூலைக்குக் கொண்டுபோய், கையால் எழுதிய பட்டியலோடு பக்கத்தில் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வோம்.